நாலு வீடு, நாலு ஏர்: மைன்கிராஃப்டில் ஒரு செத்த ஊரைக் கட்டிய கதை

செமஸ்டர் லீவில் காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை க்ளியர் பண்ணப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் மைன்கிராஃப்டில் ஊர் கட்டியதுதான். அது எப்படி இங்கிலாந்து வரலாற்றில் போய் முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எல்லாமே கட்டைகளால் ஆன உலகம், ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம். வெட்டலாம், அடுக்கலாம், அவ்வளவுதான் விளையாட்டு. 2009-ல் மார்கஸ் பெர்சன் என்ற ஸ்வீடன்காரர் தனியாளாக ஆரம்பித்தது, 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து கம்பெனியையே வாங்கியது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு அந்தத் தொகையைச் சொல்லாமல் தாண்டிப் போக மனசு வராது, மன்னிக்கவும்.

விளையாட்டுக்குள்ளேயே ஊர்கள் தானாக முளைக்கும். 2011-ல் வந்தது இந்த வசதி. முதலில் ஆளில்லாத வெறும் வீடுகள், அதே வருஷக் கடைசியில் பெரிய மூக்கோடு ஜனங்களும் வந்தார்கள். 2019-ல் வந்த அப்டேட்டில் பாலைவனத்துக்கு ஒரு மாதிரி, பனிக்கு ஒரு மாதிரி என்று ஊர்களைப் பிரித்தார்கள். ஆனாலும் அதில் ஏதோ ஒன்று உறுத்தும். பதினைந்து வீடு இருக்கும், நாலு பாத்தி கோதுமை இருக்கும். ஊரில் பாதிப்பேர் நூலகர், வரைபடக்காரர், கவசம் செய்பவர்! சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

அதனால் நானே ஒரு "நிஜமான" ஊர் கட்டுவது என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் கட்டினேன். நேர் தெரு, இருபக்கமும் ஒரே அளவு மனை, ஒரே மாதிரி வீடு. ஒன்பதாவது படிக்கும் சித்தி பையன் பார்த்துவிட்டு, "ண்ணா, இது ஊரா? ஹவுசிங் போர்டு மாதிரில இருக்கு" என்றான். அதற்கப்புறம் யூடியூபில் பார்த்தால் எல்லா ஜாம்பவான்களும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள். தெருவை வளை, வீட்டைக் கோணலாக வை, எதுவும் நேராக இருக்கக்கூடாது, அதுதான் இயற்கை. சரி என்று எல்லாவற்றையும் இடித்துக் கோணல்மாணலாகக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வளைவு ஏன் அங்கே வளைகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அழகுக்கு வளைத்தேன், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டின் ஊர் எப்படியும் ஐரோப்பியச் சாயல் கொண்டது. கூரான கூரை, கோதுமை, செம்மறி, நடுவில் மணி. நம்ம ஊர் முற்றத்து வீட்டை அதில் கட்டினால் அந்த மூக்கர்கள் மாறுவேஷத்தில் வந்த மாதிரி இருக்கும். ஆகவே நிஜமாக இருந்த ஒரு ஐரோப்பியக் கிராமத்தின் வரைபடத்தைப் பிடித்துக் கட்டலாம் என்று தேடினேன். உயிரோடு இருக்கும் ஊர் எதுவும் உதவாது. எல்லாவற்றின் மேலும் ஐநூறு வருஷத்துக் கட்டடங்கள் ஏறிவிட்டன. வேண்டியது செத்துப்போன ஊர். அதுவும் செத்தபின் யாரும் தொடாத ஊர். அப்படிச் சிக்கியதுதான் வாரம் பெர்சி.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்ற பகுதியில், சுண்ணாம்புக்கல் மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தில் கூரையில்லாத ஒரு தேவாலயம். பக்கத்தில் ஒரு குளம். மேலே மேட்டில் வெறும் புல். ஆனால் அந்தப் புல் சமதளமாக இல்லை. சாய்வெயிலில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகச் செவ்வகங்கள் தெரியும். அவைதான் வீடுகள். இடைக்கால இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட ஊர்கள் சுமார் 3000 இருக்கின்றன. அவற்றில் அதிகம் தோண்டப்பட்டது, அதிகம் தெரிந்தது இந்த ஊர்தான்.

இதைக் கண்டெடுத்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஹீரோ நம்ம ஆள். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு தொல்லியல் படித்தவர் இல்லை, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்தவர். பழைய வரி ஆவணங்களில் பெயர் இருக்கும், வரைபடத்தில் ஊர் இருக்காது. அந்த ஊர்கள் எங்கே போயின என்று தேடிப்போனவர். (நம்ம ஆடிட்டிங் வாத்தியார் சொல்வாரே, லெட்ஜரில் இருக்கும் ஸ்டாக் குடோனில் இருக்கிறதா என்று போய்ப் பார் என்று... அதேதான்.) 1948-ல் வாரம் பெர்சிக்கு வந்தார், 1950-ல் சின்னச் சின்னக் குழி போட்டுத் தோண்ட ஆரம்பித்தார். 1952-ல் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளர் சேர்ந்தார். குழி தோண்டினால் ஒரு சுவர்தான் தெரியும், டென்மார்க்காரர்கள் செய்கிற மாதிரி பரப்பாகத் தோலை உரிப்பதுபோல் எடுத்தால்தான் வீடு முழுசாகத் தெரியும் என்று முறையை மாற்றினார்கள். அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு போய் 1990 வரை தோண்டினார்கள். நாற்பது வருஷம்! ஒரே ஊர்! நான் இரண்டு நாளில் கட்டி, மூன்றாவது நாள் இடித்தேன்.

நிற்க. வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு முதல் அடி விழுந்தது. மேட்டின் மேல் மேற்கே ஒரு வரிசை, வடக்கே ஒரு வரிசை, நடுவில் பொதுப் புல்வெளி. ஒவ்வொரு வரிசையிலும் மனைகள் பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒழுங்கான அகலத்தில், பின்பக்கம் ஒரே நேர்கோட்டில் முடிகின்றன. அதாவது... ஹவுசிங் போர்டு! சித்தி பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓ" என்றான். அதற்குமேல் அவனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இந்த ஊர் தானாக முளைத்தது இல்லை, யாரோ கயிறு பிடித்து அளந்து போட்டது. எந்த நூற்றாண்டில் அளந்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனால் எதற்கு அளந்தார்கள் என்பது புரிகிறது. மனை என்றால் வாடகை. ஒரு மனைக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு நாள் பண்ணையாருக்கு வேலை, இவ்வளவு காசு என்று கணக்கு. அளவு சமமாக இருந்தால்தான் கணக்குச் சுலபம். வீடு கட்டப்பட்ட முன் மனையை டாஃப்ட் என்றும், பின்னால் நீளும் கொல்லையை கிராஃப்ட் என்றும் சொல்வார்கள் (மைன்கிராஃப்டில் வரும் கிராஃப்ட் வேற, இது வேற).

கோணல் எல்லாம் அந்த ஒழுங்குக்குள்ளே வந்ததுதான். ஒருவன் வீட்டைத் தெருவைப் பார்த்துப் போடுவான், இன்னொருவன் மனைக்குள் குறுக்கே திருப்பிப் போடுவான். முந்தின வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அடுத்த வீடு. யூடியூப் ஜாம்பவான்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. எல்லை நேராக இருக்கும், அதற்குள் வாழ்க்கைதான் கோணலாக இருக்கும்.

வளையவேண்டியது வேறு ஒன்று, அது வயல். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தே விட்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆளுக்கொரு வயல் என்று வேலி போட்டு இருக்காது. ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ மாபெரும் திறந்த வயல்கள். அதற்குள் ஆளுக்கு அங்கங்கே நீளநீளமான பட்டைகள். ஏன் நீளம்? கனமான ஏர், அதற்கு எட்டு மாடு பூட்டுவது கணக்கு. எட்டு மாட்டைத் திருப்புவது லேசுப்பட்ட காரியமா? அதனால் திருப்பும் தடவைகளைக் குறைக்க நீளமாக உழுதார்கள். ஒரு உழவுசால் நீளம்தான் ஃபர்லாங். 220 கெஜம், சுமார் 201 மீட்டர். நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய ஃபர்லாங் மாடு மூச்சு வாங்கும் தூரத்திலிருந்து வந்தது என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. அதே நீளத்தில் 22 கெஜ அகலம் போட்டால் ஒரு ஏக்கர். அதுதான் ஒரு ஏர் ஒரு நாளில் உழும் நிலம் என்பது வழக்கு. வரப்பின் முனை நெருங்கும்போதே மாடுகளை மெல்ல இடப்பக்கம் இழுத்தால்தான் திருப்ப முடியும். வருஷாவருஷம் அப்படியே உழுததில் பட்டைகளே எஸ் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி வளைந்துவிட்டன. இங்கிலாந்தில் பல இடங்களில் அந்த வளைவு இன்னமும் புல்லுக்கு அடியில் இருக்கிறது. எட்டு மாடும் செத்து எழுநூறு வருஷம் ஆகிவிட்டது, அவை திரும்பிய திருப்பம் மட்டும் இருக்கிறது.

சரி, கட்டலாம் என்று உட்கார்ந்து எக்செல்லைத் திறந்தேன். அங்கேதான் இரண்டாவது அடி.

அந்த வட்டாரத்தில் நிலத்தை மாட்டுக் கணக்கில் சொன்னார்கள். ஒரு ஏரின் நிலம் 8 பங்கு. ஒரு பங்குக்கு ஆக்ஸ்கேங் என்று பெயர், அதாவது ஒரு மாட்டின் பங்கு. தோராயமாக 15 ஏக்கர், ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். மைன்கிராஃப்டில் 4047 கட்டைகள். 15 ஏக்கர் என்றால் 60,700 கட்டைகள். இது ஒரு குடும்பத்துக்கு! 30 குடும்பம் என்றால் 18 லட்சத்துக்கு மேல். விளையாட்டில் தானாக முளைக்கும் ஊரில் வயல் என்று இருப்பதை எண்ணிப் பார்த்தேன். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு தேறவில்லை. நாம் ஊர் என்று நினைப்பதெல்லாம் வீடுகள். நிஜத்தில் ஊர் என்றால் வயல், அதன் நடுவில் பொட்டு வைத்த மாதிரி வீடுகள்.

இவ்வளவு நிலம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதில் விளைச்சலில் இருக்கிறது. விளையாட்டில் ஒரு கோதுமை முற்றினால் போட்ட விதை குறைந்தபட்சம் ஒன்றாவது திரும்பி வரும், பெரும்பாலும் கூடவே வரும். நஷ்டம் என்பதே கிடையாது. 1300-களின் இங்கிலாந்தில் ஒரு மூட்டை விதைத்தால் சுமாராக நாலு மூட்டை வரும். அதில் ஒன்றை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கவேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம் (காமர்ஸ்காரனுக்கு வேறென்ன தெரியும்). 15 ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு தரிசாகக் கிடக்கும், மண்ணுக்கு ஓய்வு. மிச்சம் 10 ஏக்கர். ஏக்கருக்கு 10 புஷல் என்று வைத்தால் 100 புஷல். (ஒரு புஷல் சுமார் 36 லிட்டர், நம்ம மரக்கால் மாதிரி படி அளவைதான், எடை இல்லை.) விதைக்கு 25 போச்சு. தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று, 10 போச்சு. மிச்சம் 65. ஆளுக்கு வருஷத்துக்கு 8 புஷல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஐந்து பேர் குடும்பத்துக்கு 40. ஆக 25 புஷல் உபரி. அதில்தான் வாடகை, பண்ணையார் ஆலையில் மாவரைக்கக் கூலி, உப்பு, இரும்பு, எல்லாமும். பண்ணையார் ஆலையில்தான் அரைக்கவேண்டும், வீட்டில் கைத்திருகையில் அரைத்தால் அபராதம் போட்ட இடங்களும் உண்டு. குடும்பத் தலைவன் செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாட்டைப் பண்ணையார் ஓட்டிக்கொண்டு போவார். அதற்கு ஒரு பெயரே இருந்தது, ஹேரியட். மரண வரி!

இப்போது விளைச்சல் நாலுக்குப் பதில் மூன்று மடங்கு என்று ஆக்குங்கள். 75. விதை 25, தேவாலயம் 7.5. மிச்சம் 42.5. சாப்பிடலாம், வாடகை கட்ட முடியாது. இரண்டு மடங்கு ஆக்கினால்? விதையைச் சாப்பிடவேண்டியதுதான். 1315 முதல் 1317 வரை விடாத மழையில் வட ஐரோப்பா முழுக்க நடந்தது இதுதான். ஒரே ஒரு செல்லில் 4-ஐ 3 ஆக்கி, 2 ஆக்கிப் பார்த்துவிட்டு நான் எக்செல்லைச் சாத்திவிட்டேன்.

18 லட்சம் கட்டைக்கு என் லேப்டாப் தாங்காது. அதனால் ஒரே ஒரு பட்டைத் தொகுதி மட்டும் முழு அளவில், 201 கட்டை நீளம், எஸ் வளைவோடு கட்டினேன். மற்றதெல்லாம் தூரத்தில் கோடு. (பிரிட்டனின் நில அளவைத் துறையே 2013-ல் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் போட்டது. ஒரு கட்டைக்கு நிலத்தில் 50 மீட்டர் என்று சுருக்கித்தான். அதில் என் ஊர் பத்துப் பதினைந்து கட்டைக்குள் அடங்கிவிடும்.)

வீடுகளுக்கு வருவோம். நீள வீடு, ஏறக்குறைய 15 மீட்டருக்கு 5 மீட்டர். ஒரு முனையில் மனிதர்கள், இன்னொரு முனையில் மாடு, நடுவில் எதிரெதிரே இரண்டு வாசல். சுண்ணாம்புக்கல் அடிச்சுவர், மேலே வைக்கோல் கூரை. புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவில் அடுப்பு, புகை கூரை வழியாகத் தானாகப் போகவேண்டியது. கண்ணாடி ஜன்னல் கிடையாது, மரக் கதவுதான். மைன்கிராஃப்டில் எல்லோரும் கட்டும் "இடைக்கால" வீட்டில் முதலில் வைப்பதே கண்ணாடியும் புகைபோக்கியும்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். பட்டப்பகலில் கும்மிருட்டு. விளையாட்டின் விதிப்படி இருட்டில் பூதம் முளைக்கும், அதனால் வேறு வழியில்லாமல் ஒரு தீப்பந்தம். சுவருக்கு கால்சைட் கட்டை வைத்தேன், சுண்ணாம்புக்கல் வெள்ளைக்கு அதுதான் பொருத்தம். தெருவை ஒரு கட்டை ஆழம் தோண்டி இறக்கினேன். வண்டியும் மாடும் நடந்து நடந்து பழைய தெருக்கள் பள்ளமாகிவிடும். இந்த ஒரு மாற்றம் செய்ததுமே ஊருக்கு வயது வந்துவிட்டது. யாராவது கட்டப்போகிறீர்கள் என்றால் மற்றதை மறந்தாலும் இதை மட்டும் செய்துபாருங்கள்.

வீட்டைப் பற்றி இன்னொன்று. முதலில் தோண்டியவர்கள் ஒரே இடத்தில் சுவர் மேல் சுவராகக் கண்டதும், இந்த ஜனங்கள் தலைமுறைக்கு ஒருமுறை இடிந்து விழும் குச்சுவீட்டில் வாழ்ந்தார்கள் என்று எழுதினார்கள். பிறகு ஸ்டூவர்ட் ராத்மெல் என்பவர் அதே சான்றுகளை வைத்து 1989-ல் வேறு விளக்கம் கொடுத்தார். கூரையின் பாரம் சுவரில் இல்லை, வளைந்த பெரிய மரங்களை ஜோடியாக நுனியில் சேர்த்து நிறுத்திய சட்டத்தில் இருந்தது. சட்டம் நின்றது, சுவரைத்தான் அவ்வப்போது மாற்றினார்கள். அதாவது அது ஏழையின் குச்சுவீடு இல்லை, தச்சனுக்குக் காசு கொடுத்துக் கட்டிய நல்ல வீடு. சுவரைப் பார்த்து வீட்டை எடைபோட்டதால் வந்த பிழை. நாற்பது வருஷம் தோண்டியவர்களுக்கே இப்படி என்றால் நானெல்லாம் எம்மாத்திரம்.

ஆனால் கட்டக் கட்ட என்னைப் பிடித்துக்கொண்டது தேவாலயம்தான். புனித மார்ட்டின் தேவாலயம். ஆயிரம் வருஷத்துக்கு முன் சின்ன மரக்கட்டடமாகத் தொடங்கி, கல்லாகி, ஊர் பெருகப் பெருக இருபக்கமும் தாழ்வாரம் சேர்த்து அகலமாகியது. பிறகு ஊர் சுருங்கச் சுருங்க அந்தத் தாழ்வாரங்களை இடித்து, வளைவுகளைக் கல்லால் அடைத்து, மறுபடி குறுகியது. அடைத்த வளைவுகள் இன்றும் சுவரில் தெரிகின்றன. மக்கள்தொகை கிராஃபைத் தாளில் போடாமல் கல்லில் போட்ட மாதிரி. நான் முதலில் பெரிய தேவாலயத்தைக் கட்டி, அப்புறம் வளைவுகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். முதலிலேயே குறுகலாகக் கட்டியிருந்தால் பார்வைக்கு ஒன்றுதான். ஆனாலும் அப்படிச் செய்ய மனசு வரவில்லை.

தேவாலயத்து மண்ணில் ஏறக்குறைய 700 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். அவை சொன்னது நிறைய. கைக்குழந்தைகள் ஒன்றரை வயதுவாக்கில் பால் மறந்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இன்றைய பத்து வயதுப் பிள்ளைகளைவிட நல்ல குள்ளம். மேலே போட்ட எக்செல் கணக்கின் எலும்பு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழியில் கிடைத்த எலும்புகள் வேறு கதை. மைன்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். குறைந்தது பத்துப் பேருடைய 137 எலும்புகள், 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. செத்தபின் வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள். 2017-ல் இதைப் பற்றி ஆய்வு வெளிவந்தது. பஞ்சத்தில் மனிதக் கறி தின்றார்களா? அப்படியென்றால் கத்தித் தழும்பு சதை ஒட்டும் இடங்களிலும் மூட்டுகளிலும் இருக்கும், இங்கே தலையையும் கழுத்தையும் சுற்றி இருக்கிறது. வெளியூர் ஆட்கள் என்று வெறுத்துச் செய்தார்களா? பல்லைச் சோதித்தால் உள்ளூர்க்காரர்கள். ஆய்வாளர்களுக்கு அதிகம் பொருந்தியது மூன்றாவது விளக்கம். செத்தவன் எழுந்து நடந்து வந்துவிடுவான் என்ற பயம். அந்தக் காலத்து யார்க்ஷயர் துறவி நியூபர்க் வில்லியம் அப்படி நடந்த பிணங்களைப் பற்றியும், அவற்றைத் தோண்டியெடுத்து எரித்ததைப் பற்றியும் தன் வரலாற்று நூலில் நிஜச் சம்பவமாகவே எழுதியிருக்கிறார்.

மைன்கிராஃப்ட் ஊரில் ராத்திரியானால் ஜாம்பி வந்து கதவைத் தட்டும், மணியடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். நான் அதை விளையாட்டுத்தனம் என்று நினைத்து செட்டிங்ஸில் அணைத்து வைத்திருந்தேன், "ரியலிஸ்டிக்" ஆக இருக்கவேண்டுமாம். இதைப் படித்தபின் திரும்பப் போட்டுவிட்டேன். ஊரில் இருந்த ஒரே நிஜம் அதுதான் போலிருக்கிறது.

ஊர் எப்படிச் செத்தது என்று கேட்டால் எல்லோரும் கறுப்புச் சாவு, கொள்ளைநோய் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1349-ல் அது யார்க்ஷயருக்கு வந்தது, வாரம் பெர்சியிலும் அடித்தது. ஆனால் அதற்கப்புறமும் நூற்றைம்பது வருஷம் ஊர் இருந்தது. கொன்றது வேறு. ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. 1351-லேயே கூலியை ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. தானியம் விளைவிக்க ஊர் நிறைய ஆள் வேண்டும். கம்பளிக்கு ஆடும், ஒரு இடையனும் போதும். பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் ஆடு ஜெயிக்கிறது. அப்போது ஊர் ஹில்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. ஒவ்வொரு வீடாகக் காலியாகி, மிச்சமிருந்தவர்களை 1500-ஐ ஒட்டி வெளியேற்றிவிட்டு முழுவதையும் மேய்ச்சல் ஆக்கினார்கள். இப்படி ஊர் ஊராக அழிவதைத் தடுக்க 1489-லேயே சட்டம் வந்திருந்தது. 1517-ல் யார் யார் இடித்தீர்கள் என்று அரசு விசாரணை வைத்தது. அந்த விசாரணைப் பதிவில் வாரம் பெர்சியைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. நாலு வீடு விழுந்தது, நாலு ஏர் நின்றது. இவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. மைன்கிராஃப்டில் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் அந்த மூக்கர்களைப் படகிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றிக் கொண்டுபோய், ஒரு கட்டை அகலக் கூண்டில் அடைத்து, எதிரே ஒரு மேசையைப் போட்டு, ஆயுளுக்கும் வியாபாரம் பண்ண வைப்பார்கள். நானும் பழைய உலகத்தில் பதினாறு பேரை அப்படி வைத்திருந்தேன், பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தோடு கட்டுண்டு, பண்ணையார் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகமுடியாதவனுக்கு வில்லன் என்று பெயர். நம்ம சினிமா வில்லனும் அந்தச் சொல்லின் வம்சம்தான். வில்லேஜும் வில்லேஜரும் அதே வேர். கட்டிப்போடப்பட்டவனுக்கே கெட்டவன் என்று பெயர் வந்துவிட்டது பாருங்கள்.

கடைசி வேலை பாக்கி இருந்தது. உலகத்தை இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று 1300, மனைகள் நிரம்பி, தேவாலயம் அகலமாக. இன்னொன்று 1500. அதில் கூரைகளைப் பிரித்து, சுவர்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, உழவுப் பட்டைகளின் மேல் புல் போட்டேன். அதற்கே ஒரு வாரம் ஆனது. கட்டியதைவிட இடித்ததுதான் அதிக நேரம். நாலு வீடு மிச்சம் வைத்து, உள்ளே ஆட்களையும் வைத்தேன். வேலியைத் திறந்து நாற்பது செம்மறிகளை உள்ளே விட்டேன்.

சித்தி பையன் வந்து உட்கார்ந்து பார்த்தான். ஆடுகள் பழைய தெருவில் இறங்கி மேய ஆரம்பித்தன. "ண்ணா, இந்த நாலு வீட்டு ஆளுங்கள எங்க அனுப்பப் போற?" என்றான். நாலு, நாலு என்ற இரண்டு எண்தான் என்னிடம் இருந்தது. மௌஸை அவன் பக்கம் தள்ளினேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்த உலகத்தை மூடி, 1300-ஐத் திறந்து, வயலுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து உழ ஆரம்பித்துவிட்டான்.